மருந்துக்குப் பழகிப்போவது உடம்பா, கிருமியா?

மருந்துக்கடை வாசலில் கால் மணி நேரம் நின்றால் இந்தப் பேச்சு எப்படியும் காதில் விழும். “அந்த மாத்திரை எனக்குப் பழகிப்போச்சுங்க, இப்பல்லாம் கேக்கறதே இல்ல. கொஞ்சம் பவரா வேற ஏதாச்சும் குடுங்க.”

கேட்பவர் சொல்வது ஆன்டிபயாடிக் மாத்திரையை. தூக்க மாத்திரைக்கு உடம்பு பழகும், மதுவுக்கும் பழகும். நேற்று போதுமாக இருந்த அளவு இன்று போதாது. அந்த அனுபவத்தை நாம் அப்படியே ஆன்டிபயாடிக்குக்கும் நீட்டிவிடுகிறோம். ஆனால் ஆன்டிபயாடிக் வேலை செய்வது நம் உடம்பின் மேல் இல்லை, உடம்புக்குள் இருக்கும் பாக்டீரியாவின் மேல். அது கேட்காமல் போனால் மாறியிருப்பது பாக்டீரியா.

குழப்பத்துக்கு நம் சொல்லும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்கிறோம். அது நம்முடையது, நல்லது, கூடினால் மகிழ்ச்சி. ‘மருந்து எதிர்ப்பு’ என்றும் சொல்கிறோம். அது கிருமியுடையது, நமக்குக் கேடு. இரண்டுக்கும் ஒரே ‘எதிர்ப்பு’. செய்தித்தாளில் ‘ஆன்டிபயாடிக் எதிர்ப்பு அதிகரிப்பு’ என்று படிக்கும் ஒருவர், தன் உடம்புதான் மருந்தை எதிர்க்கிறது என்று எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தக் கட்டுரையில் ‘மருந்து எதிர்ப்பு’ என்று வரும் இடமெல்லாம் ஒரே பொருள்தான்: கொல்ல வேண்டிய மருந்துக்கு நடுவிலும் ஒரு பாக்டீரியா உயிரோடிருந்து பெருகும் திறன்.

உறையாத பால்

பாக்டீரியா என்பது ஒரே ஒரு செல்லால் ஆன உயிர். எல்லாம் நோய் தருவதில்லை. பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாதான். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை உடனே கறந்து உறை ஊற்றினால் சரியாக உறையாது. மருந்தின் மிச்சம் பாலில் இறங்கியிருக்கும். அது உறைமோரில் உள்ள பாக்டீரியாவைப் பெருக விடாது. ஆன்டிபயாடிக் என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். பாக்டீரியாவைக் கொல்லும், அல்லது பெருகாமல் நிறுத்தும். நல்லது, கெட்டது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

பென்சிலினை எடுத்துக்கொள்வோம். பாக்டீரியாவைச் சுற்றி ஒரு கெட்டியான சுவர் உண்டு. அது வளர வளர அந்தச் சுவரைக் கட்டிக்கொண்டே போக வேண்டும். சுவரின் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் வேலையைப் பென்சிலின் தடுத்துவிடும். பிணைப்பில்லாத சுவர் உள்ளழுத்தம் தாங்காமல் பிளந்துகொள்ளும். நம் செல்களுக்கு அப்படி ஒரு சுவர் இல்லாததால் அவற்றைப் பென்சிலின் தாக்குவதில்லை. சாதாரணச் சளியைக் கொண்டுவரும் வைரஸுக்கும் அந்தச் சுவர் கிடையாது. அதனால்தான் சளிக்குப் பென்சிலின் கொடுத்துப் பயனில்லை.

களை எடுக்கும் வயல்

நெல் வயலில் களை எடுப்பவர்களுக்கு ஒரு புல்லைத் தெரியும். இளம் பருவத்தில் அசப்பில் நெல் மாதிரியே இருக்கும். கை தேர்ந்தவர்களே ஏமாந்து விட்டுவிடுவார்கள். கதிர் வந்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

அந்தப் புல் நெல்லைப் பார்த்து நடிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாக, நெல்லிலிருந்து வேறுபட்டுத் தெரிந்த செடிகளை எல்லாம் மனிதக் கை பிடுங்கிப் போட்டது. தற்செயலாக நெல்லின் சாயல் கொண்டிருந்தவை தப்பின, விதை விட்டன. அடுத்த போகத்தில் முளைத்தவற்றில் அந்தச் சாயல் கூடுதலாக இருந்தது. பிடுங்கிய கைதான், தன்னையறியாமல், நெல் போன்ற புல்லைத் தேர்ந்து வளர்த்தது. இதற்கு உயிரியலில் ‘தேர்வு’ என்று பெயர்.

ஆன்டிபயாடிக் அந்தக் கை. அது எதிர்ப்பை உண்டாக்குவதில்லை. இருக்கும் கூட்டத்தில் எதிர்ப்பில்லாததை எல்லாம் அகற்றி, எதிர்ப்புள்ள ஒன்றிரண்டுக்கு வயலையே காலி செய்து கொடுக்கிறது.

அந்த ஒன்றிரண்டு முதலில் எங்கிருந்து வந்தன? ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்து எழுதிய காலத்தை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு கவனமாக எழுதினாலும் எங்கோ ஓர் எழுத்து மாறும், பாடபேதம் வரும். பாக்டீரியா தன் பண்புகளை எல்லாம் டிஎன்ஏ என்ற நீண்ட மூலக்கூறில் எழுதி வைத்திருக்கிறது. நம் குடலில் வாழும் இ.கோலை என்ற பாக்டீரியாவின் டிஎன்ஏயில் சுமார் 46 லட்சம் எழுத்துகள். ஒவ்வொரு முறை இரண்டாகப் பிளக்கும்போதும் முழுவதையும் பெயர்த்தெழுத வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் பிரதிகளுக்கு ஒன்றில் ஓர் எழுத்து பிசகும். இந்தப் பிசகுக்குச் சடுதிமாற்றம் என்று பெயர்.

ஆயிரத்துக்கு ஒன்று என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் வசதியான இடத்தில் இ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிளக்கும். இரவு 10 மணிக்கு ஒன்று இருந்தால், உணவு தீராத வரை, காலை 6 மணிக்கு 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டியிருக்கும். அதற்குள் ஏறத்தாழ 17 ஆயிரம் பிசகுகள் நடந்திருக்கும். பெரும்பாலானவை ஒன்றுக்கும் உதவாதவை, சில கேடானவை. எப்போதாவது ஒன்று, ஏதோ ஒரு மருந்தைத் தாங்கும்படி அமைந்துவிடுகிறது, அந்த மருந்தைப் பார்க்காமலேயே.

முன்பா, பின்பா?

‘பார்க்காமலேயே’ என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. மருந்து தாக்கிய பிறகு அதைச் சமாளிக்கப் பாக்டீரியா மாறியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். 1940கள் வரை விஞ்ஞானிகளுக்குள்ளேயே இதில் தெளிவில்லை. அதைத் தீர்த்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது; அதில் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை, யோசனைதான் முழு முதலும்.

சால்வடோர் லூரியா இத்தாலியில் பிறந்து, போருக்குத் தப்பி அமெரிக்கா வந்த விஞ்ஞானி. இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கான ஒரு நடன நிகழ்ச்சியில், சக ஆசிரியர் ஒருவர் காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரும்பாலும் ஒன்றும் விழாது, அபூர்வமாகக் கொட்டும். இதில் தன் கேள்விக்கு விடை இருப்பது அவருக்குப் பட்டது.

சோதனை இதுதான். ஒரு சில பாக்டீரியாவை மட்டும் போட்டு 20 குழாய்களில் தனித்தனியே வளர்க்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும், மருந்துக்குப் பதில் பாக்டீரியாவைக் கொல்லும் ஃபேஜ் என்ற வைரஸ் பூசிய தட்டில் பரப்பி, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ண வேண்டும். தாக்குதலுக்கு எதிர்வினையாகத்தான் மாற்றம் வருகிறது என்றால் எல்லாக் குழாயிலும் ஒரே வாய்ப்பு. எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றாக வரும். மாற்றம் முன்கூட்டியே, வளரும்போது கண்டபடி நடக்கிறது என்றால் கதை வேறு. ஒரு குடும்பத்தில் பூட்டன் காலத்திலேயே வந்த அடையாளம் நூறு பேரிடம் இருக்கும், நேற்றுப் பிறந்த பிள்ளையிடம் புதிதாக வந்தது ஒருவரோடு நிற்கும். அதுபோல, பிசகு சீக்கிரம் நடந்த குழாயில் வாரிசுகள் ஏராளம், தாமதமாக நடந்ததில் ஒன்றிரண்டு, நடக்காததில் எதுவுமில்லை.

20 குழாய்களில் 11இல் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. சிலவற்றில் ஒன்று, மூன்று, ஐந்து. ஒன்றில் 64, இன்னொன்றில் 107. ஒரே பெரிய குழாயிலிருந்து பத்து மாதிரிகள் எடுத்துப் பார்த்தபோதோ எண்ணிக்கை 13க்கும் 26க்கும் இடையிலேயே நின்றது. கணக்கை எழுதித் தந்தவர் மாக்ஸ் டெல்புரூக். 1943இல் வெளியான இந்த ஆய்வு ‘முன்பே’ என்று சொன்னது. இருவருக்கும் ஆல்பிரட் ஹெர்ஷியோடு சேர்த்து 1969இல் நோபல் பரிசு கிடைத்தது.

கணக்கு பிடிபடாதவர்களுக்கு 1952இல் எஸ்தர் லெடர்பர்க்கும் ஜோஷுவா லெடர்பர்க்கும் கண்ணால் காட்டினார்கள். பாக்டீரியாத் திட்டுகள் வளர்ந்த தட்டின் மேல் ஒரு வெல்வெட் துணியை ஒற்றி எடுத்தார்கள். துணியின் மயிர்களில் ஒவ்வொரு திட்டிலிருந்தும் கொஞ்சம், இருந்த இடம் மாறாமல் ஒட்டிக்கொண்டது. அதே துணியை ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த புதுத் தட்டுகளில், ரப்பர் ஸ்டாம்பு குத்துவது போல ஒற்றினார்கள். அவற்றில் பிழைத்தவை ஒரே இடத்தில் வளர்ந்தன. பழைய தட்டுக்குத் திரும்பி, அதே இடத்திலிருந்து, மருந்தையே கண்டிராத பாக்டீரியாவை எடுத்து வளர்த்து இதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். கடைசியில் கையில் கிடைத்தது ஸ்ட்ரெப்டோமைசினைத் தாங்கும் கூட்டம். அதன் பரம்பரையில் ஒன்றுகூட அந்த மருந்தைத் தொட்டதில்லை.

இதுவரை பார்த்தது: உடம்பு பழகுவதில்லை, பாக்டீரியாவும் பயிற்சி எடுப்பதில்லை. பெயர்த்தெழுதும் பிசகில் எதிர்ப்பு தற்செயலாகப் பிறக்கிறது. மருந்து மற்றவற்றை ஒழித்து அதற்கு இடம் கொடுக்கிறது.

எப்படித் தாங்குகிறது?

எதிர்ப்பு என்பது மாயசக்தி இல்லை, ஏதாவது ஒரு புரதத்தின் வேலை. புரதங்கள்தான் செல்லுக்குள் வேலை செய்யும் ஆட்கள். ஒரு புரதத்தைச் செய்யும் முறை எழுதப்பட்ட டிஎன்ஏ பகுதி ஜீன் எனப்படும். ஒரு பலகாரத்துக்கான செய்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சில பாக்டீரியா மருந்தையே வெட்டிப்போடும் புரதத்தைச் செய்யும். சில, உள்ளே வந்த மருந்தை மோட்டார் வைத்து இறைப்பது போல வெளியே தள்ளும். டெட்ராசைக்ளினை இப்படித் தள்ளுவது உண்டு. சிலவற்றில் மருந்து போய் ஒட்ட வேண்டிய இடமே உருமாறி, பூட்டுக்குச் சாவி பொருந்தாமல் போகும்.

பென்சிலினை வெட்டும் புரதத்தை எட்வர்ட் ஆபிரகாமும் எர்னஸ்ட் செயினும் 1940இல் அறிவித்தார்கள். பென்சிலின் பொதுமக்கள் கைக்கு வந்து சேராத காலம் அது. இன்னும் பின்னால் போகலாம். கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து எடுத்த டிஎன்ஏயில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு ஜீன்கள் இருந்ததை 2011இல் வெளியிட்டார்கள். இதில் வியப்படைய ஒன்றுமில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் உட்படப் பல மருந்துகள் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தாங்களே செய்பவை. ஆயுதம் இருந்த இடத்தில் கேடயமும் இருந்திருக்கிறது. அங்கங்கே சிதறிக் கிடந்த கேடயங்களை ஆஸ்பத்திரிக்கும் பண்ணைக்கும் நாம் இழுத்து வந்தோம்.

ஜெராக்ஸ் போகும் தாள்கள்

பிசகும் தேர்வும் மட்டும் என்றால் நிலைமை இவ்வளவு மோசமாகியிருக்காது. ஒவ்வொரு இனமும் ஒவ்வொரு மருந்துக்கும் தன் அதிர்ஷ்டத்துக்காகத் தனியே காத்திருக்க வேண்டும். பாக்டீரியாவிடம் இன்னொரு வழி இருக்கிறது.

பாக்டீரியாவின் முதன்மை டிஎன்ஏயைப் பைண்டிங் போட்ட நோட்டு என்று கொண்டால், அதற்கு வெளியே சில உதிரித் தாள்களும் இருக்கும். வட்டமாக அமைந்த சிறு டிஎன்ஏ துண்டுகள், பெயர் பிளாஸ்மிட். இரண்டு பாக்டீரியா அருகில் வரும்போது ஒன்று மெல்லிய குழல் போன்ற உறுப்பை நீட்டி மற்றதைப் பிடித்து, பிளாஸ்மிட்டின் பிரதி ஒன்றை அதனுள் செலுத்தும். இதற்கு இணைவு என்று பெயர். கொடுத்ததற்கு இழப்பில்லை, அதன் பிரதி அதனிடமே இருக்கும். பரீட்சைக்கு முந்தைய நாள் நோட்ஸ் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது போல. வாங்குவது அதே இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே தாளில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு ஜீன்கள் வரிசையாக இருக்கலாம்.

இது முதலில் உறைத்தது ஜப்பானில். போருக்குப் பிறகு அங்கே சீதபேதி பரவியது. 1950களில் அதைத் தரும் ஷிகெல்லா பாக்டீரியாவில் சில, சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிகால் ஆகிய நான்கையும் ஒருசேரத் தாங்கின. சடுதிமாற்றத்தால் நான்கும் தனித்தனியாக ஒரே செல்லில் அமைவது நடக்கிற காரியமில்லை. அதைவிட விசித்திரம், அதே நோயாளியின் குடலில் இருந்த சாதுவான இ.கோலையும் அதே நான்கைத் தாங்கியது. 1959இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எதிர்ப்புள்ளதையும் இல்லாததையும் ஒரே குழாயில் கலந்து வைத்து, நான்கும் மொத்தமாக ஓர் இனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதைக் காட்டினார்கள். சுதோமு வதனாபேயின் கட்டுரைகள் வழியே 1960களில் மற்ற நாடுகளுக்கு இது பரவலாகத் தெரிய வந்தது.

நமக்கு நெருக்கமான கதை என்டிஎம்-1 என்ற எதிர்ப்பு ஜீனுடையது. டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுச் சுவீடன் திரும்பிய, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒரு நோயாளியின் சிறுநீரில் 2008இல் ஒரு கிளெப்சியெல்லா பாக்டீரியா கிடைத்தது. மற்ற மருந்துகள் கைவிடும்போது ஆஸ்பத்திரிகளில் ஊசியாகப் போடும் கார்பபெனம் வகை மருந்துகளையே அது வெட்டிப்போட்டது. அதே நோயாளியின் மலத்தில் இருந்த இ.கோலையிலும் அந்த ஜீன் இருந்தது, வேறு அளவுள்ள ஒரு பிளாஸ்மிட்டில். தாவல் அவர் குடலுக்குள்ளேயே நடந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 2010இல் சென்னை, ஹரியானா, பிரிட்டன் மாதிரிகளில் இந்த ஜீன் பரவியிருப்பதைக் காட்டிய ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. பெயரில் உள்ள ‘என்டி’ ‘நியூ டெல்லி’யைக் குறித்ததால் அப்போது பெரிய சர்ச்சை எழுந்தது. ஜீன் எந்த ஊர் என்ற சண்டையில், அது ஏறிப் போகும் வாகனத்தைப் பற்றிய பேச்சு அடிபட்டுப்போனது என்பது என் வருத்தம்.

மறுபடி சுருக்கமாக: எதிர்ப்பு ஜீன் தாயிலிருந்து மகளுக்குப் போவது ஒரு வழி, அயலாரிடமிருந்து பிளாஸ்மிட்டாக வாங்குவது இன்னொரு வழி. இரண்டாவதால், நோய் தராத பாக்டீரியாவும் எதிர்ப்பு ஜீன்களின் கிடங்காகிறது. சளிக்குப் பயனில்லாமல் விழுங்கிய ஆன்டிபயாடிக் சும்மா போவதில்லை. சளி வைரஸை அது தொடாது. குடலில் போய்க் களை எடுத்துவிட்டுத்தான் வெளியேறும்.

காசநோய் சொல்லும் கணக்கு

இவ்வளவு தெரிந்த பிறகு, காசநோய்க்கு ஏன் ஒரே நேரத்தில் பல மாத்திரைகள் என்பது எளிதாக விளங்கும்.

1948இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில் ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் பெற்ற காசநோயாளிகள் முதலில் நன்றாகத் தேறினார்கள். பிறகு பலருடைய சளியில் அந்த மருந்துக்கு அடங்காத கிருமி வந்தது. காரணம் இப்போது நமக்குத் தெரியும். நோயாளியின் நுரையீரலில் 10 கோடி காசக்கிருமிகள் இருப்பதாகக் கொள்வோம். ஐசோனியாசிட் மருந்தைத் தாங்குவது சுமார் 10 லட்சத்தில் ஒன்று. அப்படியானால் மாத்திரை தொடங்கும் முன்பே 100 கிருமிகள் தயார். ரிஃபாம்பிசினைத் தாங்குவது சுமார் 10 கோடியில் ஒன்று. அதற்கும் ஒன்று தயார். ஆனால் இரண்டையும் ஒருசேரத் தாங்குவதற்கான வாய்ப்பு? இரண்டையும் பெருக்குங்கள்: கோடி கோடியில் ஒன்று. அத்தனை கிருமிகள் எந்த நுரையீரலிலும் இருக்காது. ஒரு மருந்திடம் தப்பியதை மற்றது பிடித்துவிடும்.

காசக்கிருமி பிளாஸ்மிட் வாங்கிக்கொள்ளும் இனமில்லை, அதன் மருந்து எதிர்ப்பு முழுவதும் சடுதிமாற்றத்தால் வருவது. அதனால்தான் இந்தக் கணக்கு அங்கே செல்லுபடியாகிறது. மருந்துகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சாப்பிடும் நோயாளி, தன்னை அறியாமல் அந்தப் பெருக்கல் குறியை அழித்துவிடுகிறார்.

1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, கூட்டு மருந்துகளை ஓராண்டு வீட்டிலிருந்தே சாப்பிட்ட ஏழை நோயாளிகளும் சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு குணமடைந்ததை 1959இல் காட்டியது. உலகமே காசநோய் வைத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பெரிய பங்குண்டு. இன்று இந்தியாவில் வழக்கமான சிகிச்சை 6 மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் மூன்று. காசக்கிருமி ஒருமுறை பிளக்கவே ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். சில உறங்கிக் கிடக்கும். சோம்பேறிக் கிருமியைத் தீர்க்கக் காலம் வேண்டும்.

எல்லாத் தொற்றுக்கும் இப்படி நீண்ட கோர்ஸ் தேவையில்லை. சிலவற்றுக்கு முன்பு கொடுத்ததைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று இப்போது மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். நாட்களை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். மீந்த நாலு மாத்திரையைப் பரணில் வைத்து அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துத் தருவது எந்தக் கணக்கிலும் சேராது.

அந்த ரிப்போர்ட்டில் உள்ள எழுத்து

மருந்துக்கடையில் நின்றவருக்கு மாத்திரை ஏன் கேட்கவில்லை? வந்தது வைரஸாக இருக்கலாம். அல்லது எங்கிருந்தோ அவருக்கு ஒட்டியது ஏற்கெனவே எதிர்ப்புள்ள பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்கு அவர் முன்பு அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஆன்டிபயாடிக் பெறும் பச்சைக் குழந்தைக்குக்கூட மருந்து கேட்காமல் போவது இதனால்தான். ‘பவர்’ என்ற சொல்லும் உதவாது. எந்த மருந்து எந்தக் கிருமியைப் பிடிக்கும் என்ற பொருத்தம்தான் உண்டு. விலை கூடிய மாத்திரை பொருந்தாமல், பழைய மலிவான மாத்திரை பொருந்துவதும் நடக்கும்.

பொருத்தம் பார்க்க ஒரு வழி கல்ச்சர் டெஸ்ட். சிறுநீரிலோ சளியிலோ இருக்கும் பாக்டீரியாவைத் தட்டு முழுக்கப் பரப்பி, வெவ்வேறு மருந்தில் தோய்த்த பொட்டு அளவுக் காகித வில்லைகளை அங்கங்கே வைப்பார்கள். மறுநாள் தட்டு மங்கலாகப் பாசி படர்ந்தது போல் இருக்கும். சில வில்லைகளைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டது போலத் தெளிந்த வட்டம். வட்டத்தை அளந்து, போதிய அகலம் இருந்தால் அந்த மருந்துக்கு நேரே ‘எஸ்’ (சென்சிடிவ், மருந்து கேட்கும்) என்று எழுதுவார்கள், இல்லாவிட்டால் ‘ஆர்’ (ரெசிஸ்டன்ட், எதிர்ப்பு உண்டு). அந்த ‘ஆர்’ நோயாளியின் உடம்புக்குப் போட்ட மதிப்பெண் இல்லை. அந்த வாரம் அவரிடமிருந்து எடுத்த கிருமிக்குப் போட்டது. அடுத்த வருடம் வேறொரு கிருமி வந்தால், அதே மருந்துக்கு நேரே ‘எஸ்’ வரலாம்.